புள்ளியின் அகலம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூட்டார் தான் போட்ட பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, தான் போட்ட இன்னொரு பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். பார்க்க மட்டும்தான் முடிந்தது. இரண்டுக்கும் நடுவே வேகச் சாலை ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நாலு தடம், அந்தப் பக்கம் நாலு தடம், நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சுவர். கார்கள் போன வேகத்தில் எதிர்ப்பக்கம் விட்டுவிட்டுத்தான் கண்ணில் பட்டது. அங்கே ஒருவர் ஏணியில் ஏறிப் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். ரூட்டார் கையை ஆட்டினார். அவரும் மரியாதைக்குத் திருப்பி ஆட்டினார்.

ரூட்டாரின் தலைக்கு மேலேயும் ஒரு புதுப் பலகை. 'நகருக்குள் செல்ல இங்கே பஸ் மாறவும்' என்று நல்ல பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அது நேராக ஓடும் கார்களைக் காட்டியது.

எவனோ பலகையைத் திருப்பி மாட்டிவிட்டான் என்று முதலில் நினைத்தார். அந்த 'எவனோ'வை மனசுக்குள் திட்டவும் ஆரம்பித்துவிட்டார். பாதித் திட்டில்தான் உறைத்தது. அம்புக்குறி சரி, மற்றதெல்லாம்தான் தப்பு.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. நகரப் போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து பஸ் ரூட் வரைவதே வேலையாக இருந்ததால் முதலில் ரூட்டு ஆனார். தலை நரைத்த பிறகு, மரியாதை கருதி, ரூட்டார். கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் தேர்வுக்கு மூன்று முறை போய், மூன்றாவது முறை தேர்வு வைக்க வந்த அதிகாரியின் ஸ்கூட்டரையே சாய்த்துவிட்டு வந்தவர். அந்தக் கோபத்தில்தான் மனுஷன் ஊரில் யாருமே கார் ஓட்டக் கூடாதென்று திட்டம் போடுகிறார் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம் என்று அவரே ஒத்துக்கொள்வார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை என்ன கார் வைத்திருக்கிறார் என்று கேட்டார்கள். இவர் நகரத்துக்குக் கார் ஏன் ஆகாது என்று விளக்க ஆரம்பித்தார். கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது. பிறகு திட்டம்தான் குடும்பம்.

அந்தத் திட்டம் வருகிற திங்கட்கிழமை காலை தொடங்கப்போகிறது. பெரிய சாலைகளில் பஸ்ஸுக்கென்றே தனித் தடம், அதில் அடுத்தடுத்துப் பிரதான பஸ்கள். தெருக்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அவற்றில் சேர்க்கச் சின்ன பஸ்கள். வழிதான் சின்னது, வண்டி முழு நீளம். சைக்கிளுக்குப் பாதை, நடக்கிறவர்களுக்கு நிழல். கார் இல்லாதவன் யாரிடமும் கெஞ்சாமல் வேலைக்குப் போய்த் திரும்பலாம். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிப் புரியவைக்க, கார் நிறுத்த இடம் கிடைக்காமல் எரிச்சலோடு வந்து உட்கார்ந்த மனிதர்கள் முன்னால் வருஷக்கணக்காகப் பேசியிருந்தார் ரூட்டார். கடைசியில் நகரத் தலைவர் கையெழுத்துப் போட்டார். ஒரு புகார் வந்தாலும் மூட்டை கட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

சாலையின் இந்தப் பக்கம் இருக்கும் புறநகரிலிருந்து இதுவரை ஒரே பஸ்தான். வரும்போது வரும். வந்தால் ஊர் சுற்றி, வேகச் சாலையில் ஏறி, தூரத்து மேம்பாலத்தில் வளைந்து நகருக்குள் போகும். ரூட்டார் அதை இரண்டாக வெட்டினார். சின்ன பஸ் ஆட்களை வேகச் சாலை ஓரத்தில் கொண்டுவந்து விடும். இறங்கி, பிரதான பஸ்ஸில் ஏறி, போய்க்கொண்டே இருக்கலாம். பயண நேரம் பாதியாகக் குறைந்தது. காகிதத்தில்.

தப்பு எங்கே நடந்தது என்று அவருக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. கண்டுபிடிக்கப் பெரிய விசாரணையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தப்பு அவருடைய சொந்தப் பிள்ளை. எல்லா நிறுத்தத்துக்கும் போகிற பக்கம், வருகிற பக்கம் என்று இரண்டு இடம் உண்டு. இரண்டையும் குறித்தால் வரைபடம் அம்மை போட்டவன் முகம் மாதிரி ஆகிவிடுகிறது என்று, இரண்டையும் சேர்த்து ஒரே புள்ளியாக வைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் வழக்கம் கொண்டுவந்தவரே அவர்தான். சின்னத் தெருக்களில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இங்கே அந்தப் புள்ளி எட்டுத் தடத்தையும் ஒரு சுவரையும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டிருந்தது. இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிறவனுக்கு, கம்ப்யூட்டர் கணக்கில், நடக்கவே வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறான். புள்ளிக்கு அகலம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை இத்தனை விசுவாசமாகக் கடைப்பிடித்த மாணவன் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

இடத்தை நேரில் பார்க்காமலும் இல்லை. இந்த நிறுத்தத்தை ஒரு நாள் இந்தப் பக்கமிருந்து ஜீப்பில் வந்து பார்த்தார். அந்த நிறுத்தத்தை இன்னொரு நாள் அந்தப் பக்கமிருந்து ஜீப்பில் வந்து பார்த்தார். கார் வேண்டாம் என்று திட்டம் போட்டவர் ஜீப்பில் வந்ததால் வந்த வினை.

மேம்பாலம் வரை நடந்து அந்தப் பக்கம் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினார். வெயில் இருக்கும்போது கிளம்பியவர், போய்ச் சேர்ந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். பலகை மாட்டியவர் ஏணியை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டிருந்தார். மேம்பாலத்தில் நடைபாதை என்று எதுவும் இல்லை. காரின் கண்ணாடி முழங்கையில் உரசாமல் இருக்கக் கைப்பிடிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அங்கே நின்று இந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் அக்கா ஞாபகம் வந்தாள். வந்தாள் என்ன, அதுவரை அவளை நினைக்காமல் இருக்கத்தான் அவ்வளவு வேகமாக நடந்திருந்தார். அக்கா அந்தப் புறநகரில்தான் இருக்கிறாள். நகருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் வேலை. அம்மா போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவள். தம்பி புது பஸ் விடுகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஏதோ அவரே பஸ்ஸை வாங்கி விடுகிற மாதிரி. பழைய பஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி. திங்கள் காலை அக்காவும் அவள் தெருவும் இந்தச் சாலையின் ஓரத்தில் இறங்கி நிற்பார்கள். பிறகு ஓடுவார்கள். வேறு வழி இல்லாதவர்கள் ஓடத்தான் செய்வார்கள்.

சனிக்கிழமை அலுவலகம் திறந்திருந்தது. தொடக்க விழா வேலையில் ஆளாளுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். இயக்குநர் அம்மாள் தன் அறையில் தலைவரின் உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். திட்டத்துக்காக ரூட்டார் வாய் வலிக்கப் பேசினார் என்றால், அந்த அம்மாள் வாயே திறக்காமல் வாங்கிய அவமானங்கள் ஒரு லாரி கொள்ளும். ரூட்டார் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் ரூட்டாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று ரூட்டார் கேட்டார். தள்ளிப் போட்டால் அது வாரம் அல்ல, முடிவு என்றார் அம்மாள். அந்த ஒரு புறநகருக்கு மட்டும் பழைய பஸ்ஸை ஓடவிடலாமா என்று கேட்டார். அந்த பஸ்களுக்குத்தான் புதுப் பெயின்ட் அடித்துப் பிரதான வழிக்கு ஒதுக்கியாகிவிட்டது, ஒதுக்கீடு செய்து கையெழுத்துப் போட்டதும் நீங்கள்தான் என்றார். மேம்பாலம் சுற்றிவர ஒரே ஒரு பஸ்ஸாவது என்று டிப்போவுக்குப் போன் போட்டார்கள். உதிரி பஸ் எல்லாம் விழா ஊர்வலத்துக்குப் போயாகிவிட்டது என்று பதில் வந்தது.

"சாலைத் துறைகிட்ட ஒரு சிக்னல் வாங்குங்க," என்றார் அம்மாள். "தற்காலிகமா இருந்தாலும் சரி. நான் வாயைத் திறக்க மாட்டேன். திங்கட்கிழமை காலைக்குள்ள மட்டும் வாங்கிடுங்க."

சாலைத் துறை இன்ஜினியர் ரூட்டாரோடு காலேஜில் படித்தவர். ஒரே விடுதி அறை, ஒரே சோப்பு. ரூட்டார் போனபோது வீட்டு வாசலில் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தையின் காதுக்குப் பின்னால் துடைப்பதுபோல அவ்வளவு பதவிசாகக் கண்ணாடியின் விளிம்பைத் துடைத்தார். ரூட்டார் கேட்டதும் சிரித்தார். வேகச் சாலையில் சிக்னலா? ஒரு நிமிஷம் நிறுத்தினால் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்குமே என்றார். அதுவும் சும்மா வைக்க முடியாது. விதி இருக்கிறது. அந்த இடத்தில் மணிக்கு இத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டினால்தான் சிக்னல்.

"இப்ப எத்தனை பேர் கடக்குறாங்க?" என்று கேட்டார் நண்பர்.

"ஒருத்தரும் இல்லை. கடக்க முடியாதே."

"அப்ப சிக்னல் தேவையில்லைன்னு ஆகுது."

"ஏண்டா, சாப்பிட்டவங்க எத்தனை பேர்னு காட்டினாத்தான் அடுப்பப் பத்தவைப்பேன்னு எந்த ஓட்டல்லயாவது சொல்வானா?"

"ஓட்டல்ல சொல்ல மாட்டான்," என்று பக்கெட்டைக் கவிழ்த்தார் நண்பர். "துறையில சொல்வான்."

ரூட்டார் நகரவில்லை. தண்ணீர் வழிந்து வந்து செருப்பை நனைத்தது. அக்கா போகிற வழிடா என்றார் கடைசியில். அக்காவின் கையால் இந்த நண்பரும் விடுமுறைகளில் சாப்பிட்டவர்தான். துணியைப் பிழிந்தபடி நின்றார். அவர் குரல் மாறிவிட்டது. தன் கையில் ஒன்றுமில்லை என்றும், மேலே கோப்பு போய் வரவே மாதங்கள் ஆகும் என்றும், சத்தியமாக என்றும் சொன்னார். அக்காவைத் தன் காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். மனசாரத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

போக்குவரத்துப் போலீஸில் கைகாட்ட இரண்டு பேர் கேட்டார். திங்கட்கிழமை காலை ஒருவர்கூடக் கிடையாது, எல்லாரும் நகர மையத்தில் புது பஸ் தொடக்க விழாவுக்குப் பாதுகாப்பு என்றார்கள். யார் விழா என்று ரூட்டார் கேட்கவில்லை. அவருக்கும் அழைப்பிதழ் வந்திருந்தது, மூன்றாவது வரிசையில் நாற்காலி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார்கள். பஸ் முதலாளி வந்துவிட்டார் என்று ஒருவர் வழிவிட்டார். ஜன்னல் ஓர சீட்டுக்கு இப்போதே துண்டு போட்டுக்கொள்ளலாமா என்று இன்னொருவர் கேட்டார். சிரிக்க முயன்று, தும்மல் வந்த மாதிரி ஏதோ செய்துவிட்டு உள்ளே போனார். அக்கா மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வேலையிலும் துணி, வீட்டிலும் துணி. அவள் புருஷன், டிப்போவில் நெடுநாள் டிரைவர், தரையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். புது வழியின் முதல் சின்ன பஸ்ஸை அவர்தான் ஓட்டப்போகிறார்.

"அக்கா, நாளைக்கு நீ வேலைக்குப் போகாத."

"ஏன், உன் பஸ் வராதா?"

"வரும்."

"அப்புறம் என்ன?"

சொன்னார். புள்ளியைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அந்தப் பக்கம் போக வழி வைக்க மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொல்லும்போது, அடுப்பில் பாலை வைத்து மறந்த மாதிரி அவ்வளவு சின்னதாக இருந்தது. அக்கா கையில் இருந்த துணியை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள்.

"நான் தெருப் பூரா சொல்லி வச்சிருக்கேனேடா."

துணியை அடுக்கில் வைத்துவிட்டு அவளே மேலே பேசினாள். அவள் போகாவிட்டால் அவள் இடத்தில் நாளை மறுநாள் வேறொருத்தி நிற்பாள். அதுகூடப் போகட்டும், இந்தத் தெருவில் எத்தனை வீடு, அத்தனை பேரையும் பிடித்து உட்கார வைப்பாயா என்று கேட்டாள். திட்டுகிற குரலில் கேட்கவில்லை. சின்ன வயதில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தால் எங்கே வைத்தாய் என்று கேட்பாளே, அந்தக் குரல்.

அத்தனை நேரம் ஷூவையே தேய்த்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். "ஏன் மாப்ள, கொண்டுபோய் இறக்கி விடுறதோட என் வேலை முடிஞ்சுது, அதுக்கு மேல அவங்கவங்க பாடுன்னு உன் திட்டத்துல எழுதியிருக்கா?"

"அப்படி எழுதல மாமா."

"எழுதாம விட்டிருக்க. எல்லாம் ஒண்ணுதான்."

இருட்டும் வரை ரூட்டார் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நாளைக்குச் சீக்கிரம் கிளம்புங்கள், மேம்பாலம் வரை நடந்து போங்கள், சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். வாரம் முழுக்க வேலைக்குப் போய்த் திரும்பிய கால்களை நீட்டி உட்கார்ந்தபடி, மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை அவருக்குத் தெரியும். கூட்டங்களில் அவர் பேசும்போது எதிரே இருந்தவர்களும் இப்படித்தான் ஆட்டுவார்கள்.

திங்கள் காலை மூன்றாவது வரிசை நாற்காலிக்குப் போகாமல் வேகச் சாலை ஓரத்துக்கு வந்தார். அலுவலகத்து ஆரஞ்சுச் சட்டை ஒன்றை மேலே மாட்டியிருந்தார். அதைப் போட்டால் கார்கள் மதிக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஓரத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்தார். காற்றுதான் கையைத் தள்ளியது. ஒரு காரில் இருந்தவர், ஏதோ விளம்பரத்துக்கு நிற்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

முதல் பஸ் நேரத்துக்கு வந்தது. இத்தனை காலத்தில் அந்தப் புறநகருக்கு ஒரு பஸ் நேரத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆட்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் ரூட்டாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் ஒவ்வொருவராகச் சாலையைப் பார்த்தார்கள். எதிரே, வெகு பக்கத்தில், பிரதான பஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

நடுச்சுவரில் ஓரிடத்தில் ஒரு இடைவெளி. ஆம்புலன்ஸ் திரும்புவதற்காக விட்டது, ஒரு இரும்புத் தடுப்பு மட்டும் குறுக்கே சாய்த்து வைத்திருந்தது. எல்லாருடைய கண்ணும் அதில் போய் நின்றது. மேம்பாலம், மேம்பாலம் என்று ரூட்டார் கத்தினார். கட்டட வேலைக்குப் போகிற ஒருவர் தோள்பையை இறுக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே பாய்ந்தார். நாலாவது தடத்தில் ஒரு கார் பிரேக் போட்டு, ஒடித்து, அலறியது. அந்த ஆள் சுவரைப் போய்ப் பிடித்துவிட்டார். பை பிடிபடவில்லை. அது அறுந்து பறந்து போய் விழுந்தது. அடுத்த கார் அதன் மேல் ஏறியது, அதற்கடுத்த காரும் ஏறியது. எல்லாரும் அந்தப் பையையே பார்த்தார்கள். யாராவது திரும்பிப் போவார்கள் என்று ரூட்டார் எதிர்பார்த்தார். யாரும் போகவில்லை. ஓரக்கோட்டை நோக்கி இன்னும் ஓரடி நெருங்கினார்கள்.

அக்கா குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ரூட்டார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விடுடா என்றாள். அவர் விடவில்லை. அவள் உதறினாள். வேலை பார்த்துக் காய்த்த கை, பேனா பிடித்த கையிலிருந்து சுலபமாகக் கழன்றது. அவர் திரும்பி ஓடி பஸ்ஸுக்குள் ஏறினார். மாமா ஸ்டியரிங்கில் கைவைத்தபடி எல்லாவற்றையும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பஸ்ஸக் குறுக்கே போடுங்க."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பஸ்ஸின் நீளமும் நாலு தடத்தின் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்று ரூட்டார் மூச்சு வாங்கிக்கொண்டே விளக்க ஆரம்பித்தார். அதை நிறுத்தச் சொல்லி மாமா கையைக் காட்டினார்.

"என் வேலை போயிடும்."

"நான் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லுங்க."

"நீ சொல்லித்தாண்டா மாப்ள இவ்வளவும் ஆச்சு," என்றார் மாமா. ரூட்டாரை அவர் அதுவரை 'டா' போட்டதில்லை. சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

சின்ன பஸ் எல்லா விளக்கையும் மினுக்கிக்கொண்டு முதல் தடத்தில் இறங்கியது. அவசரமே இல்லாமல் ஊர்ந்தது. பின்னால் கார்கள் வேகம் குறைத்தன, ஹாரன் அடித்தன. அடுத்த தடத்துக்கு மூக்கை நீட்டியது. திட்டு வாங்கியது. அதற்கடுத்த தடத்துக்கு நீட்டியது. மாமா கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, மாட்டைத் தொழுவத்தில் திருப்புகிற நிதானத்தோடு, மொத்த பஸ்ஸையும் சாலைக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். முன் பம்பர் நடுச்சுவரைத் தொட்டது. பின்பக்கம் ஓரக்கோட்டைத் தொட்டது. அதுவரை கேட்டுக்கொண்டே இருந்த இரைச்சல் இந்தப் பக்கம் மட்டும் சட்டென்று அறுந்துபோனது. பஸ் நிழலில் நாலு தடமும் வெறுமையாகக் கிடந்தன. ஆட்கள் நம்பாமல் ஒரு கணம் நின்றார்கள். பிறகு நடந்தார்கள். ஓடவில்லை, நடந்தார்கள். அக்காவும் செருப்பைக் கையில் வைத்தபடியே நடந்தாள். ரூட்டாரும் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர்களோடு போனார்.

நடுச்சுவரின் இடைவெளிக்குப் போனதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கத்து நாலு தடம் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது.

ரூட்டார் இதை யோசிக்கவில்லை. பாதியை மட்டும் யோசிப்பது அவருக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. இப்போது ஒரு தெருவே, ஆள் அகலம்கூட இல்லாத சுவரோரத்தில், முன்னாலும் பின்னாலும் போக முடியாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றது. கார்களின் காற்று அக்காவின் முடியைக் கலைத்தது. பின்னால் மாமாவின் பஸ்ஸுக்கு அப்பால் ஹாரன்கள் ஒன்று சேர்ந்து ஒரே ஊளையாகிவிட்டன. ரூட்டார் எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தார். டிரைவர் ஒரு இளம்பெண், சீருடை இன்னும் கசங்காத புதுசு. யார் பெற்ற பிள்ளையோ, முதல் நாள் வேலை. அவளிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? இரண்டு கையையும் தூக்கினார். கும்பிடுகிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று அவருக்கே தெரியாத மாதிரி கைகள் நடுவில் நின்றுபோயின.

அந்தப் பெண் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ்ஸின் கதவு மூடியது. புறப்படும் நேரம். விளக்கு மினுங்கி, பஸ் நகர்ந்தது. சுவரோரத்தில் யாரோ அய்யோ என்று முனகினார்கள். பஸ் இடைவெளிக்குச் சற்று முன்புவரை நேராகவே போனது. பிறகு அதன் முகம் மெதுவாக அவர்கள் பக்கம் திரும்பியது. மூன்று தடத்தை மறித்துக்கொண்டு நின்றது. பாதிதான் திரும்பியிருந்ததால் நாலாவதை எட்டவில்லை. அந்தச் சந்தில் ஒரு கார் நுழைந்து வந்தது. ரூட்டார் இரும்புத் தடுப்பைத் தள்ளிக்கொண்டு, அதற்கு முன்னால் போய் நின்றார். தைரியம் என்று சொல்ல முடியாது. கால் அங்கே போய்விட்டது, ஆளும் கூடப் போனார். காரின் மூக்கு அவர் முழங்காலுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. உள்ளே இருந்தவர் வெளுத்துப் போய் அவரையே பார்த்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் தெரு கடந்து போனது. அக்கா போகும்போது அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. இயக்குநர் அம்மாள். விழாவுக்கு வரவேண்டிய தலைவர் வழியில் ஏதோ நெரிசலில் மாட்டிக்கொண்டாராம், வேகச் சாலையில் எவனோ இரண்டு பஸ்ஸைக் குறுக்கே போட்டிருக்கிறானாம், யார் அனுமதி கொடுத்தது என்று போனில் கத்துகிறாராம். சொல்லச் சொல்ல அம்மாளின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதானா?"

"ஆமாம் மேடம்."

"யாருக்காவது ஏதாவது?"

"இதுவரைக்கும் இல்லை."

விழா மேடையில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. ரூட்டார் புறநகர்ப் பக்கம் பார்த்தார். மாமாவின் பஸ்ஸுக்குப் பின்னால், தெருவழியே, அடுத்த சின்ன பஸ் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து ஆட்கள் இறங்கி, என்ன ஏதென்று விசாரித்துக்கொண்டு, ஓரக்கோட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் போலீஸ் வண்டியின் ஊதல்.

"மேடம், பஸ்ஸ எடுக்கச் சொல்றீங்களா? சொன்னா எடுத்துடுவாங்க. ஆனா அடுத்த பஸ் ஆளுங்க இறங்கிட்டாங்க, இங்கதான் நிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க."

அம்மாள் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் தாங்கும் என்று மட்டும் கேட்டார்.

அதற்கு ரூட்டாரிடம் கணக்கு இல்லை. மாமாவைப் பார்த்தார். கார்க்காரர்கள் இறங்கி வந்து டிரைவர் கதவை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா எஞ்சினை நிறுத்தினார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். பிறகு ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு, பாலிஷ் போட்ட ஷூவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.